ஈயக் குண்டின் கணக்கு: சிறுபறவை வேட்டையின் வரலாறு கற்பிக்கும் பாடம்



இம்முறை சற்று மாறுபட்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளேன். காடை, உள்ளான், புறா போன்ற சிறுபறவைகளைச் சுடுவதற்கு எந்த அளவுக் குண்டு ஏற்றது, துப்பாக்கிக் குழலின் வாய் எவ்வளவு குறுகியிருக்க வேண்டும் என்பதே அப்பொருள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுத வேண்டிய செய்தியா இது என்று சிலர் கேட்கலாம். வேட்டையைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால், இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருநூறு ஆண்டுகளாக மனிதர் போட்ட கணக்கில் அறிவியலும் கணிதமும் வரலாறும் நன்னெறியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அது மிகவும் துல்லியமான கணக்கு. ஆயினும் அதில் ஒரு பகுதி நெடுங்காலம் எழுதப்படாமலே விடுபட்டிருந்தது. எது விடுபட்டது, அதனால் என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிதறிப் பாயும் குண்டுகள்

போர்வீரன் தோளில் சுமக்கும் துப்பாக்கி ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டைச் செலுத்தும். பறவை வேட்டைத் துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. அதன் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஈயக் குண்டுகள் இருக்கும். விசையை இழுத்தவுடன் அவை ஒன்றாகக் கிளம்பி, தொலைவு கூடக் கூட அகன்று பரவும். நம் நாட்டுத் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் உரிமம் பெற்றோர் வைத்திருந்த, மலாயில் ‘செனாபாங் பத்தா’ என்று வழங்கும், நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்ததே.

பறக்கும் சிறுபறவையை ஒற்றைக் குண்டால் வீழ்த்துவது ஏறக்குறைய இயலாத செயல். அதிலும் உள்ளான் நேராகப் பறக்காது. சேற்று நிலத்திலிருந்து திடீரென எழும்பி, இடமும் வலமும் வளைந்து வளைந்து விரைந்தோடும். 1770களில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையினர் இப்பறவையைச் சுடுவதைத் தங்கள் திறமைக்குச் சான்றாகக் கருதிக் கடிதங்களில் எழுதினர். ஆங்கிலத்தில் இப்பறவையின் பெயர் ‘ஸ்னைப்’. மறைந்திருந்து குறிதவறாமல் சுடும் போர்வீரனைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. நம் வயல்வெளிகளின் எளிய பறவை ஒன்று உலகப் போர் அகராதிக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது!

இத்துப்பாக்கிகளின் குழல் அளவைக் கூறும் முறையும் சுவையானது. ‘பன்னிரண்டு போர்’ என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது? ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவ்வுருண்டை ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டு போர். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக்கினால் இருபது போர். அதன் விட்டம் சுமார் 15.6 மில்லிமீட்டர். ஆகவே எண் பெரிதாக ஆகக் குழல் சிறிதாகும். பின்னத்தில் பகுதி பெரிதானால் மதிப்பு சிறிதாகும் என்பதை விளக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கோபுரத்திலிருந்து விழுந்த துளி

குழலைவிட முக்கியமானது அதற்குள் போகும் குண்டு. குண்டு உருண்டையாக இல்லாவிட்டால் நேராகப் பறக்காது. ஆனால், இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈய உருண்டைகளை ஆயிரக்கணக்கில் செய்வது எப்படி? ஒவ்வொன்றாக அச்சில் வார்த்தால் காலம் போதாது. 17ஆம் நூற்றாண்டில், சிறிதளவு ஆர்சனிக் கலந்த உருகிய ஈயத்தை ஓட்டையுள்ள பாத்திரத்தின் வழியாகத் தண்ணீரில் சொட்டவிடும் முறை வழக்கில் இருந்தது. விழும் தொலைவு மிகக் குறைவு என்பதால், துளிகள் முழு உருண்டையாகும் முன்பே தண்ணீரில் பட்டு இறுகின. பல குண்டுகள் கண்ணீர்த்துளி வடிவில் அமைந்தன.

இதற்குத் தீர்வு கண்டவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ். தொழிலால் அவர் ஈயக் குழாய் வேலை செய்பவர். உருகிய ஈயத்தை மிக உயரத்திலிருந்து விழவிட்டால், துளி காற்றிலேயே தன் வடிவத்தைத் திருத்திக்கொள்ளும் என்பதை அவர் கண்டறிந்தார். ரெட்கிளிஃப் பகுதியில் இருந்த தம் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பி, 1782இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இக்கருத்து அவருக்குக் கனவில் தோன்றியது என்று ஒரு கதையும் அவ்வூரில் உண்டு.

கதை எப்படியாயினும், இதன் அறிவியல் எளியது. திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே முயலும். ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு கொண்ட வடிவம் உருண்டை. ஆகவே தடையின்றி விழும் துளி தானாகவே உருண்டையாகிறது. தாமரை இலையில் நீர் உருள்வதற்கும் இதே மேற்பரப்பு இழுவிசைதான் காரணம். கோபுரத்தின் உயரம் துளிக்கு இரண்டு நன்மைகளைத் தந்தது: உருண்டையாக நேரம் கிடைத்தது, ஓரளவு இறுகவும் நேரம் கிடைத்தது. அடியில் வைத்த தண்ணீர்த் தொட்டி, வந்து விழும் குண்டு நசுங்காமல் காத்தது.

வாட்ஸின் கோபுரத்தைப் பின்பற்றிப் பல நாடுகளில் குண்டுக் கோபுரங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் 1799இல் கட்டப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1828இல் எழுந்த செங்கல் கோபுரத்தின் உயரம் 71 மீட்டர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குச் சுற்றுலா சென்றவர்கள், மெல்பர்ன் சென்ட்ரல் பேரங்காடியின் கண்ணாடிக் கூம்புக்குள் பழைய செங்கல் கோபுரம் ஒன்று நிற்பதைப் பார்த்திருக்கலாம். சுமார் 50 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூப்ஸ் கோபுரமும் ஈயக் குண்டு தயாரிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டதே. அடுத்த முறை பிள்ளைகளோடு அங்குச் சென்றால், அது ஏன் அவ்வளவு உயரம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரியதா, சிறியதா?

உருண்டையான குண்டு மலிவாகக் கிடைத்தவுடன், எந்த அளவு வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. குண்டின் அளவுக்கு எண் கொடுத்தனர். அமெரிக்க முறையில் அந்த எண்ணிலிருந்து விட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 17இலிருந்து குண்டின் எண்ணைக் கழித்தால், விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். எண் 9 குண்டுக்கு 17 - 9 = 8; ஆகவே விட்டம் 0.08 அங்குலம், அதாவது 2 மில்லிமீட்டர். எண் 6 குண்டுக்கு 0.11 அங்குலம், அதாவது 2.8 மில்லிமீட்டர். ஆங்கிலேயரின் எண்முறை இதிலிருந்து சற்று வேறுபடும்.

ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில், எண் 9 குண்டுகள் சுமார் 585 இருக்கும். எண் 8 என்றால் சுமார் 410. எண் 6 என்றால் 225. எண் 4 என்றால் 135 மட்டுமே. தோட்டாவின் எடையை மாற்றாமல் இருந்தால், குண்டு பெரிதாகும்போது எண்ணிக்கை குறைகிறது. வேட்டைக்காரரின் தேர்வு முழுவதும் இந்த முரண்பாட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

எண் 6 குண்டு ஒன்றின் எடை, எண் 9 குண்டைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எடை மிகுந்தது தொலைவு சென்றாலும் விரைவை எளிதில் இழக்காது. தடித்த இறகைத் துளைத்துச் செல்லும். எடை குறைந்தது காற்றில் விரைவிலேயே தளர்ந்துவிடும். அப்படியானால் பெரிய குண்டே நல்லதல்லவா? அங்கேதான் பறவையின் அளவு குறுக்கே வருகிறது. இறகுகளை நீக்கிவிட்டால், உள்ளானின் உடல் ஒரு சிறுவனின் உள்ளங்கை அளவே. பரவிச் செல்லும் குண்டுகளுக்கு இடையே உள்ளங்கையளவு இடைவெளிகள் இருந்தால், பறவை அதன் வழியாகத் தப்பிவிடும். அல்லது, ஒரே ஒரு குண்டு இறக்கையிலோ காலிலோ பட்டு, காயத்தோடு பறந்து சென்று புதரில் துடித்துச் சாகும்.

ஆகவே நல்ல வேட்டைக்காரர் ஒரு விதியை ஏற்றுக்கொண்டார். பறவை சாகும் அளவுக்கு வலிமையுள்ள குண்டுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளானுக்கும் காடைக்கும் எண் 8 அல்லது 9. புறாவுக்கு எண் 8 அல்லது ஏழரை. உடல் பெருத்த ஃபெசன்ட் பறவைக்கு எண் 6. ‘ஏழரை’ என்று ஓர் எண்ணா என வியக்க வேண்டாம். உண்மையிலேயே அப்படி ஒரு குண்டு உண்டு!

ஒரு மில்லிமீட்டரின் ஆற்றல்

அடுத்த கேள்வி, இக்குண்டுகள் எவ்வளவு பரவ வேண்டும் என்பது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குழல்கள் பெரும்பாலும் தொடக்கம் முதல் முனை வரை ஒரே அகலமாகவே இருந்தன. 1866இல் நியூகாசல் நகரின் துப்பாக்கித் தொழிலாளர் டபிள்யூ. ஆர். பேப், குழலின் முனையைச் சற்றே குறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இக்குறுக்கத்துக்கே ‘சோக்’ என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரெட் கிம்பிள் என்ற வாத்து வேட்டைக்காரரும் தாமே இதைக் கண்டுபிடித்ததாகக் கூறினார். யார் முதல்வர் என்ற வழக்கு இன்றும் முடியவில்லை.

ஆனால், இதைச் செம்மைப்படுத்தி உலகறியச் செய்தவர் பர்மிங்காம் நகரின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். 1874இல் அவர் தம் முறையை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1875இல் இலண்டனின் ‘தி ஃபீல்டு’ இதழ் பொதுச்சோதனை ஒன்றை நடத்தியது. குறுகிய வாய் கொண்ட குழல்கள் பழைய நேர்க்குழல்களைத் தெளிவாக வென்றன. ஐயத்தை அகற்றியது வாதமன்று. அனைவர் முன்னிலையிலும் நடந்த அளவீடே.

அளவீட்டு முறையும் எளியது. 40 கெஜத் தொலைவில், அதாவது சுமார் 36.5 மீட்டரில், பெரிய தாளையோ வெள்ளை பூசிய இரும்புத் தகட்டையோ நிறுத்திச் சுட வேண்டும். பிறகு குண்டுகள் அடர்ந்த இடத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் விழுந்தவற்றை எண்ண வேண்டும். மொத்தக் குண்டுகளில் அது எத்தனை விழுக்காடு என்பதே குழலின் தகுதி. நேர்க்குழலுக்குச் சுமார் 40 விழுக்காடு. சற்றே குறுகிய குழலுக்கு 50. அரைச் சோக்குக்கு 60. முழுச் சோக்குக்கு 70.

இவ்வளவு வேறுபாட்டைத் தரும் குறுக்கம் எவ்வளவு தெரியுமா? பன்னிரண்டு போர்க் குழலில் முழுச் சோக் என்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. நம் பள்ளி அலுவலகத்தில் படியெடுக்கப் பயன்படும் தாள்களில் பத்தை அடுக்கினால் வரும் தடிமன் அது. சற்றே குறுகிய குழலில் அக்குறுக்கம் கால் மில்லிமீட்டர், அதாவது இரண்டரைத் தாள்.

இப்போது இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்போம். 30 அங்குல வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 706 சதுர அங்குலம். நேர்க்குழலில் எண் 9 குண்டு போட்டால், 585இல் 40 விழுக்காடு, அதாவது 234 குண்டுகள் வட்டத்துக்குள் விழும். சராசரியாக மூன்று சதுர அங்குலத்துக்கு ஒரு குண்டு. உள்ளங்கையளவு பறவையின் மீது இரண்டு மூன்று குண்டுகள் படும். அதே குழலில் எண் 6 குண்டு போட்டால் வட்டத்துக்குள் 90 மட்டுமே. எட்டுச் சதுர அங்குலத்துக்கு ஒன்று. பறவையின் மீது ஒன்று படலாம், படாமலும் போகலாம்.

அப்படியானால் எப்போதும் முழுச் சோக்கைப் பயன்படுத்தலாமே என்று நல்ல மாணவன் கேட்பான். உள்ளானும் காடையும் பெரும்பாலும் 20 கெஜத் தொலைவுக்குள்ளேயே எழும்புகின்றன. அந்தத் தொலைவில் முழுச் சோக் குழலின் குண்டுகள் ஏறத்தாழ 16 அங்குல அகலத்துக்குள் நெருங்கியிருக்கும். நேர்க்குழலின் குண்டுகள் அதைப் போல் இரண்டு மடங்கு அகலம் பரவியிருக்கும். வளைந்து பறக்கும் பறவையை அந்தக் குறுகிய கற்றையால் தொடுவது கடினம்; தொட்டுவிட்டாலோ உண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சிறுபறவைக்குச் சிறுகுண்டும் அகன்ற குழலுமே பொருத்தம். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இந்த அறிவு அழகாக அமைந்திருந்தது. முதற்குழல் அகன்றது, பறவை அருகில் எழும்பும்போது சுடுவதற்கு. இரண்டாம் குழல் குறுகியது. முதல் வெடி தவறிப் பறவை விலகிச் சென்றபின் சுடுவதற்கு. தொலைவு இன்னும் கூடிவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத நெறி. காயப்படுத்துவதைவிடப் போகவிடுவது மேல்.

இதுவரை பார்த்தது துல்லியமான, ஓரளவு கருணையும் கலந்த கணக்கு. ஒரு பறவைக்கு எத்தனை குண்டு என்பதை அது கச்சிதமாகச் சொன்னது. எத்தனை பறவை என்பதைச் சொல்லவில்லை.

கேட்கப்படாத முதற்கேள்வி

வட அமெரிக்காவில் பயணப் புறா என்றோர் இனம் இருந்தது. ஐரோப்பியர் அங்குச் சென்று குடியேறிய காலத்தில் அவற்றின் எண்ணிக்கை 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பறவை ஓவியர் ஆடுபன் 1813இல் கென்டக்கியில் கண்ட கூட்டம் மூன்று நாள் தொடர்ந்து வானத்தைக் கடந்ததாக எழுதியிருக்கிறார். இவ்வளவு பெருங்கூட்டம் குறையக் கூடும் என்று யாரும் எண்ணவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தந்தியும் இரயில் பாதையும் பரவின. புறாக்கள் எங்குக் கூடு கட்டியிருக்கின்றன என்ற செய்தி தந்தியில் பறந்தது. தொழில்முறை வேட்டைக்காரர்கள் இரயிலில் வந்தனர். கொன்ற பறவைகள் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு நகரச் சந்தைகளுக்குச் சென்றன. துப்பாக்கி மட்டுமே காரணமன்று. வலைக்கும் காடழிப்புக்கும் பெரும் பங்குண்டு. 1878இல் மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கியில் கூடியதே கடைசிப் பெருங்கூட்டங்களுள் ஒன்று. அங்கும் வாரக்கணக்கில் கொலை நடந்தது.

விளையாட்டும் இதில் சேர்ந்துகொண்டது. பெட்டியிலிருந்து உயிர்ப்புறாவைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டிகள் அக்காலத்தில் பெயர்பெற்றவை. 1881இல் நியூயார்க்கின் கோனி தீவில் நடந்த ஒரு போட்டிக்கு மட்டும் 20,000 பயணப் புறாக்கள் கொண்டுவரப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு, 1880இல், சின்சினாட்டி நகரின் ஜார்ஜ் லிகவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் செய்த வட்டத் தட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பறவைக்குப் பதிலாக அதை எறிந்து சுடலாம். அதற்கு ‘களிமண் புறா’ என்றே பெயர் வழங்கியது. இன்றைய ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்கள் சுடும் தட்டு அதன் வழிவந்ததே.

அதே சின்சினாட்டி நகரின் விலங்குக் காட்சிச் சாலையில், 1914 செப்டம்பர் முதல் நாள், மார்த்தா என்ற பெண்புறா இறந்தது. உலகில் எஞ்சியிருந்த கடைசிப் பயணப் புறா அது. களிமண் புறா பிறந்த ஊரிலேயே உயிர்ப்புறாவின் இனம் முடிந்தது. மாற்று கையில் இருந்தும், அது பறவைக்கு உரிய காலத்தில் உதவவில்லை.

சட்டங்கள் மெல்ல மெல்லவே வலுப்பெற்றன. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளையும் பறவைகளையும் மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1918இல் இடம்பெயரும் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. பத்துப் போருக்கு மேல் பெரிய குழல்கள் தடைபட்டன. 1935 முதல், இடம்பெயரும் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் ஒரு நேரத்தில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. எத்தனை பறவை என்ற கேள்வி இவ்வாறு காலந்தாழ்ந்து கணக்கில் ஏறியது.

வட்டத்துக்கு வெளியே

ஆனால், இன்னொரு கேள்வி அப்போதும் எஞ்சியிருந்தது. நேர்க்குழலில் 40 விழுக்காடு வட்டத்துக்குள் விழுகிறது என்றால், மற்ற 60 விழுக்காடு எங்கே போகிறது? வட்டத்துக்குள் சென்றவற்றிலும் பறவையில் படுபவை மிகச் சிலவே. 585 குண்டுகளில் ஐந்து பறவையைத் தொட்டால், 580 குண்டுகள் சதுப்பு நிலத்திலும் ஏரியடியிலும் விழுகின்றன. இப்படி எத்தனை வெடிகள், எத்தனை ஆண்டுகள்! குழலின் தகுதியை அளந்தவர்கள் தகட்டில் பட்டதை எண்ணினார்கள். நிலத்தில் விழுந்ததை எண்ணவில்லை.

அதை எண்ணியவை வாத்துகள். பறவைகளுக்குப் பல் இல்லை. அவை சிறு கற்களை விழுங்கி, தசை மிகுந்த அரைவைப் பையில் வைத்துத் தானியத்தை அரைக்கின்றன. சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டு, கல்லைப் போலவும் விதையைப் போலவும் தோன்றும். விழுங்கப்பட்ட ஈயம் அங்கே தேய்ந்து, வயிற்று அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் கலக்கும். பறவை இறக்கையைத் தூக்க வலுவின்றி, உண்ண இயலாமல், சில வாரங்களில் மெலிந்து சாகும். வெடிச்சத்தமே கேளாத நாளில், தவறிப்போன குண்டு தன் வேலையை முடித்துவிடும்.

1894இலேயே ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்ற இயற்கை ஆர்வலர், வாத்துகளுக்கு ஈய நஞ்சு ஏறுவதைப் பற்றி ‘ஃபாரஸ்ட் அண்டு ஸ்ட்ரீம்’ என்ற வேட்டை இதழில் எழுதினார். எச்சரித்தவர் வேட்டைக்குப் பகைவர் அல்லர். அவரும் ஒரு வேட்டைக்காரர்தான். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1959இல் இலினாய் மாநிலத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ், பல்லாயிரம் பறவைகளின் அரைவைப் பைகளைச் சோதித்த ஆய்வை வெளியிட்டார். வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் இறக்கின்றன என்பது அவர் மதிப்பீடு. இத்தகைய வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் மடிவது பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவின் தேசியச் சின்னமே வேட்டைக்காரர் சுடாமல் மடிந்துகொண்டிருந்தது.

1991இல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டது. டென்மார்க் 1996இல் எல்லா வகைப் பறவை வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடுத்தது. 2019 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. 2023 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் ஈயக் குண்டுக்குத் தடை நடப்புக்கு வந்தது. வாட்ஸும் கிரீனரும் பிறந்த பிரிட்டனில், வேட்டைக்கான ஈயக் குண்டுகளை முற்றாக விலக்கும் முடிவை அரசு 2025இல் அறிவித்தது.

தடையால் பயன் விளைந்ததா? மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பறவை வழித்தடத்தில், ஈய நஞ்சால் வாத்துகள் இறப்பது 64 விழுக்காடு குறைந்தது என 2000இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. 1997ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 இலட்சம் வாத்துகள் இதனால் பிழைத்தன என்பதும் அவ்வாய்வின் மதிப்பீடு. விடுபட்டதைக் கணக்கில் சேர்த்தவுடன் கிடைத்த விடை அது.

தேர்வும் மாறியது

ஈயத்துக்குப் பதிலாக எஃகு வந்ததும் பழைய அட்டவணைகள் பயனற்றுப்போயின. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு 7.8 கிராம்தான். ஒரே அளவாயினும் எஃகுக் குண்டு இலேசானது. காற்றில் விரைவில் தளரும். எனவே, ஈயத்தில் எண் 6 போட்டவர் எஃகில் எண் 4 போட வேண்டும். இரண்டு எண் பெரிய குண்டு. எஃகு கடினமானது என்பதால் குழலுக்குள் நசுங்காது. வடிவம் கெடாததால் அதிகம் சிதறாமல் நெருங்கியே செல்லும். ஆகவே முன்பு முழுச் சோக் தேவைப்பட்ட இடத்தில் அரைச் சோக்கே போதும். குறுகிய வாயுள்ள பழைய குழல்களை எஃகு சேதப்படுத்தவும் கூடும். எஃகை விரும்பாதவர்கள், விலை கூடிய பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகளை நாடினர்.

தாத்தாவிடம் கற்ற பாடத்தைப் பேரன் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பல வேட்டைக்காரர்கள் முதலில் இதை எதிர்த்தார்கள். எஃகு பறவையைக் கொல்லாது, காயமே படுத்தும் என்றார்கள். அக்கவலை பொய்யானதன்று, குண்டின் எண்ணை மாற்றாமலும் தொலைவைக் குறைக்காமலும் சுட்டால் அப்படித்தான் நேரும். பொருள் மாறினால் முறையும் மாற வேண்டும் என்பதைப் பழகிக்கொண்டவர்களே தொடர்ந்து நல்ல வேட்டைக்காரராக இருந்தார்கள்.

நம் வகுப்பறைக்கு

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் கையால் தொடப்போவதில்லை, தொட வேண்டியதுமில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்களும் வனவிலங்குச் சட்டங்களும் கடுமையானவை. ஆயினும் இவ்வரலாறு அவர்களுக்குப் பயன்படும். விழுக்காடு கற்பிக்கும்போது, 585இல் 40 விழுக்காடு எவ்வளவு என்று கேட்கலாம். விடை வந்ததும், மீதி எங்கே போயிற்று என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். முதற்கேள்விக்கு விடை சொல்லும் மாணவன் கணக்கு அறிந்தவன். இரண்டாவது கேள்வியைத் தானே கேட்கும் மாணவன் சிந்திக்கத் தொடங்கியவன்.

நாம் தூக்கி எறியும் நெகிழிப் பைக்கும், கழிவுநீர்க் கால்வாயில் ஊற்றும் எண்ணெய்க்கும், வயலில் தெளிக்கும் மருந்துக்கும் இதே கேள்வி பொருந்தும். பயன்பட்ட பகுதியை எல்லோரும் எண்ணுகிறோம். பயன்படாமல் போன பகுதியும் எங்கோ ஓரிடத்தில் விழுந்து கிடக்கிறது.

ஆண்டின் இறுதி மாதங்களில், வடக்கின் குளிரிலிருந்து தப்பி உள்ளான்கள் நம் பக்கமும் வருகின்றன. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவிலும் சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்திலும் சேற்றில் அலகைக் குத்தி இரை தேடும் பறவைகளைப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு தொலைநோக்கி போதும். உள்ளங்கையளவு உடலோடு பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்த உயிர் அது என்பதை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.